எழுத்து மாறும், பெயர் நிலைக்கும்



வீட்டிற்கு வெள்ளையடிக்கும் நாளில் நாம் என்ன செய்கிறோம்? சுவரிலுள்ள திருப்படங்களை இறக்குகிறோம். பண்டபாத்திரங்களை ஓர் அறையில் சேர்த்து, அவ்வறையின் கதவைச் சாத்துகிறோம். அதன் பின்னரே சுண்ணாம்பைத் தொடுகிறோம். கணிப்பொறியிலுள்ள விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதும் இத்தகைய வேலையே. ஆயினும் அங்கே பலர் கதவைச் சாத்த மறந்துவிடுகின்றனர். சிலரோ வேறொரு கதவைச் சாத்திவிடுகின்றனர்.

விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனால் இல்லங்கள் பலவற்றில் இப்பணி நடைபெறுவதைக் காண்கிறோம். எனவே இம்மாதம் இதனைப்பற்றிச் சிந்திப்பது பயன் தரும்.

நமக்கு நெருங்கிய ஓர் இல்லத்தில் தாயார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறையவில்லை. மாலைதோறும் அவர் செபமாலை சொல்லிய குரலை மகன் கணிப்பொறியில் பதிவுசெய்து வைத்திருந்தார். உதவ வந்த இளைஞரிடம், "எல்லாம் 'டி'யில் இருக்கிறது, தம்பி. 'சி'யை மட்டும் அழித்தால் போதும்" என்று சொன்னார். இளைஞரும் பொறுப்புள்ளவரே. ஆனால் நிறுவும் வேளையில் தோன்றிய திரையில் 'சி' என்றும் இல்லை, 'டி' என்றும் இல்லை. பகுதி 3, பகுதி 4 என எண்களே இருந்தன. இரண்டின் அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முதலில் நிற்பதே 'சி' என்று அவர் எண்ணினார். அக்கணிப்பொறியிலோ வரிசை மாறியிருந்தது. புதிய விண்டோஸ் தாயாரின் குரல் இருந்த இடத்தின்மேலேயே எழுதப்பட்டுவிட்டது. படங்கள் சில உறவினரின் கைப்பேசிகளிலிருந்து திரும்ப வந்தன, அக்குரல் வரவில்லை. அன்று நாமும் அருகில் இருந்தோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாமும் கேட்கவில்லை.

இவ்வெழுத்துகள் எங்கிருந்து வந்தன? 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் நெகிழ்தட்டுகளுக்கு 'ஏ', 'பி' என்னும் எழுத்துகள் வழங்கின. 1983-இல் 10 மெகாபைட் வன்தட்டோடு அடுத்த பொறி வந்தபோது அத்தட்டுக்கு 'சி' என்னும் எழுத்து கிடைத்தது. நெகிழ்தட்டுகள் மறைந்த பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. எழுத்து என்பது வன்தட்டின் அப்பகுதியில் பொறிக்கப்பட்டதன்று. இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் வசதிக்காக வழங்கித் தன் ஏட்டிலேயே குறித்துக்கொள்வது. அந்த விண்டோஸ் அழியும்போது ஏடும் அழிகிறது. புதிதாக வருவது புதிதாகவே எழுத்துகளை வழங்கும். கோவிலில் ஒரு குடும்பத்தை அது இன்று அமர்ந்திருக்கும் வரிசையைக் கொண்டு அடையாளம் காண்பது போன்றதே இது. அடுத்த ஞாயிறு அவ்வரிசையில் வேறொரு குடும்பம் அமர்ந்திருக்கலாம்.

ஒவ்வொரு பகுதிக்கும் நாம் இடக்கூடிய பெயரோ அவ்வாறன்று. அது அப்பகுதியிலேயே எழுதப்படுகிறது. விண்டோஸ் மாறினாலும் அது நிற்கும். நிறுவும் திரையிலும் வழக்கமாக எண்ணின் அருகே தோன்றும். ஆகவே, பணியைத் தொடங்குமுன் செய்யவேண்டியவை சில உள.

முதலாவது, 'டி' டிரைவின்மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, 'ரீநேம்' என்பதைத் தேர்ந்து, 'குடும்பம்' என்றோ 'படங்கள்' என்றோ பெயரிடுக. ஒவ்வொரு பகுதியின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்க.

இரண்டாவது, 'சி'யில் ஒன்றுமில்லை என்று நம்பிவிடலாகாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை வழக்கமாக 'சி'யிலேயே உள்ளன. திரையின் முகப்பில் வைத்த திருமணப் படங்கள் 'சி'யோடு போய்விடும்.

மூன்றாவது, 'டி' என்பது வேறொரு தட்டு என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது ஒரே தட்டின் மற்றொரு பகுதிதான். தட்டு பழுதானால் இரண்டும் போகும். ஆகையால் அரியவற்றை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, அதனைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டே நிறுவத் தொடங்குக. கழற்றி வைத்ததை எவரும் தவறி அழிக்க இயலாது.

நான்காவது, சில பொறிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்னரே எழுதி வைக்காவிடில், 'டி' அழியாமல் இருந்தும் திறவாமற் போகும்.

நிறுவும் திரையில் பெயரும் அளவும் தாளோடு ஒத்திருந்தால் மட்டுமே கை வைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் நிறுத்துவதில் இழுக்கில்லை. பழைய 'சி' ஒன்றையே அழித்து அவ்விடத்தில் நிறுவினால் போதும். மற்றப் பகுதிகளைத் தொடவேண்டியதில்லை.

பணி முடிந்தபின் 'டி' இருந்த இடத்தில் 'ஈ' என்று காணப்பட்டால் அஞ்ச வேண்டா. குறுந்தட்டுப் பெட்டியோ பென் டிரைவோ 'டி'யைப் பிடித்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதிக்குச் சென்று, முதலில் அதற்கு வேறோர் எழுத்தைத் தந்துவிட்டு, 'டி'யை உரியதற்குத் திருப்பி அளிக்கலாம். எழுத்தே பெறாத பகுதி கண்ணில் படாது. அதற்கும் அங்கேயே எழுத்து வழங்கலாம். ஆனால் ஃபார்மட் செய்யவா என்று பொறி கேட்டால் இசைந்துவிடலாகாது.

திருமுழுக்கின் தொடக்கத்தில் குருவானவர் பெற்றோரிடம் முதலில் கேட்பது குழந்தையின் பெயரையே. அது எத்தனையாவது குழந்தை என்று அவர் கேட்பதில்லை. எண்ணும் எழுத்தும் வரிசைக்கு உதவும். அன்புக்குரியதை அடையாளம் காணப் பெயர் வேண்டும். மறைந்தோரின் குரலும், பிள்ளைகளின் புதுநன்மைப் படங்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட செல்வங்கள். இன்று மாலை குடும்பச் செபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அவற்றிற்குப் பெயரிட்டு, ஒரு படியும் எடுத்து வைப்போம்.