கவனக்குறைவு யாருடையது?

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டில் இங்குதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தென்னையின் பெயரைத் தாங்கிய மண்ணில் செம்பனை வேரூன்றியது வேடிக்கைதான். அந்நாளில் குலையை வெட்டுவது, சுமப்பது, உரமூட்டையைத் தோளில் ஏற்றுவது எல்லாம் மனித உடலின் வேலையாக இருந்தன. இன்று வயலில் டிராக்டர் ஓடுகிறது. உரக்கிடங்கிலும் எண்ணெய் ஆலையிலும் ஃபோர்க்லிஃப்ட் எனப்படும் பாரந்தூக்கி ஓடுகிறது. தோளும் முதுகும் தப்பின. ஆனால், பாரத்தோடு ஆபத்தும் இயந்திரத்தின்மீது ஏறிக்கொண்டது.

பாரந்தூக்கி கவிழ்ந்தாலோ, யாரையேனும் இடித்தாலோ உடனே ஒரு சொல் முன்னே வந்து நிற்கும்: 'ஓட்டுநரின் கவனக்குறைவு'. பல வேளைகளில் விசாரணையும் அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். ஓட்டுநருக்கு மீண்டும் ஒருநாள் பயிற்சி கிடைக்கும். சுவரில் புதிய எச்சரிக்கை அட்டை தொங்கும். வண்டி மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் மறுநாள் காலை அதே கிடங்கில் நிற்கும். மனிதரைத் திருத்த எடுக்கும் முயற்சியில் பாதியையாவது இயந்திரத்தைத் திருத்த எடுத்திருக்க வேண்டும்.

பாரந்தூக்கி காரைப் போன்றதன்று. 2.5 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே ஏறக்குறைய 4 டன்; நான்கு மைவி கார்களுக்குச் சமம். முன்னே தூக்கும் பாரத்திற்கு ஈடாகப் பின்புறத்தில் பெரிய இரும்புக்கட்டி பொருத்தப்பட்டிருக்கும். காரில் முன்சக்கரம் திரும்பும். இதில் பின்சக்கரம் திரும்பும். அதனால், வளையும்போது வண்டியின் பின்பகுதி அகலமாக வீசும். முன்சக்கரங்கள் இரண்டையும் பின் அச்சின் நடுப்புள்ளியையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்தால், வண்டியும் பாரமும் சேர்ந்த ஈர்ப்பு மையம் அதற்குள் இருக்கும்வரை வண்டி நிலையாக நிற்கும். பாரத்தை உயர்த்தியபடி வேகமாக வளைந்தாலோ, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ அந்த மையம் வெளியேறிவிடும்.

அந்தக் கணத்தில் எந்த மனிதருக்கும் வெளியே குதிக்கத்தான் தோன்றும். ஆனால், குதிப்பவர்மீதுதான் தலைக்கு மேலுள்ள இரும்புக் கூரை வந்து விழும். இருக்கையிலேயே இருப்பவருக்கு அதே கூரை கவசம். அரை விநாடியில் எழும் இயல்புணர்ச்சியைப் பயிற்சியால் முழுமையாக அடக்கிவிட முடியாது. இடுப்பு வாரும் இருக்கையின் பக்கத் தடுப்புகளும் அவரைப் பிடித்துவைக்கும்.

தோட்டத்தின் சூழல் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. சாதாரணப் பாரந்தூக்கி சமமான சிமெண்டுத் தரைக்காக வடிவமைக்கப்பட்டது. வட சிலாங்கூரின் கடலோரக் களிமண்ணில் ஒரு மழை பெய்தாலே லோரிச் சக்கரம் பதிந்த தடம் பள்ளமாகிவிடும். அத்தகைய முற்றத்தில் சிறிய, கெட்டியான டயர்களைக் கொண்ட வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டு, கவனமாக இருக்கும்படி அறிவுறுத்துவது எந்த வகை நியாயம்? அகன்ற டயர்களைக் கொண்ட கரடுமுரடு நிலப் பாரந்தூக்கிகள் சந்தையில் உண்டு. அதை வாங்க முடியாவிட்டால் முற்றத்திற்காவது சிமெண்டு போடலாம்.

பார்வை இன்னொரு குறை. அரை டன் முதல் ஒரு டன் வரை எடையுள்ள பெரிய உரப்பை முன்னே தொங்கினால், எதிரே வருபவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். எனவே, ஓட்டுநர் கழுத்தைத் திருப்பியபடி பின்னோக்கி ஓட்டுகிறார். நாள் முழுவதும் இப்படி ஓட்டினால் கழுத்தும் இடுப்பும் என்ன ஆகும்? சங்கிலிகளையும் நீரழுத்தக் குழாய்களையும் ஓரமாகத் தள்ளி அமைத்த தூக்குச் சட்டம், பக்கவாட்டில் சற்றுத் திரும்பும் இருக்கை, வண்டி வரும் திசையில் தரைமீது நீல ஒளியை வீசும் விளக்கு ஆகியவை இதற்கு விடையாக வந்துள்ளன. 1990களின் இறுதியில் டோயோட்டா நிறுவனம், வண்டி வளையும்போது ஆபத்தை உணர்ந்து பின் அச்சின் அசைவைத் தானாகவே பூட்டும் அமைப்பைப் பாரந்தூக்கிகளில் பொருத்தியது. இதில் ஓட்டுநரின் நினைவாற்றலுக்கு வேலையே இல்லை.

வயலில் ஓடும் டிராக்டரின் வரலாறும் இதையே காட்டுகிறது. புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று சுவீடன் 1959இல் கட்டாயமாக்கியது. அடுத்துவந்த ஆண்டுகளில் அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. சுவீடன் விவசாயிகள் திடீரென்று கவனசாலிகளாக மாறிவிடவில்லை. டிராக்டர்தான் மாறியது.

பயிற்சி தேவையில்லை என்பது இதன் பொருளன்று. பயிற்சி பெறாதவரின் கையில் எந்த நல்ல வண்டியும் ஆபத்துதான். வாரைப் பூட்ட மறுக்கும் ஓட்டுநர்கள் இருப்பதும் உண்மை. ஆனால், பத்து நிமிடத்திற்குள் பலமுறை ஏறி இறங்கும் ஒருவர் ஏன் பூட்டுவதில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பாரத்தைச் சரிபார்க்க இறங்கத் தேவையில்லாதபடி பார்வை தெளிவாக இருந்தால் வாரும் பூட்டியே இருக்கும். கிடங்கின் கதவு தாழ்வாக இருப்பதால் பாதுகாப்புக் கூரை இடிக்கிறதா? கழற்ற வேண்டியது கூரையை அன்று. உயர்த்த வேண்டியது கதவை.

செலவு அதிகம் என்பது வலுவான மறுப்பு. சிறு தோட்டக்காரர் பழைய வண்டியைத்தான் வாங்க முடியும். இருப்பினும் வார், இருக்கை விசை, விளக்கு போன்றவற்றைப் பழைய வண்டியிலும் பொருத்தலாம். சட்டமும் ஓட்டுநரை மட்டும் பொறுப்பாக்கவில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இன் 20ஆம் பிரிவு, இயந்திரத்தை வடிவமைப்பவர், தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் ஆகியோருக்கும் கடமை விதிக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, கடமை தவறும் முதலாளிக்கான அபராதம் 500,000 ரிங்கிட் வரை உயர்ந்துள்ளது.

எனவே, விபத்து விசாரணைப் படிவத்தில் ஓட்டுநரைப் பற்றிய கேள்விகளுக்கு முன்பாகவே வண்டியையும் தரையையும் பற்றிய கேள்விகள் இடம்பெற வேண்டும். புதிய வண்டி வாங்கும்போது, விலைப் பட்டியலைப் பார்க்கும் அலுவலகத்தாரோடு அதை ஓட்டப்போகிறவரும் செல்லட்டும். அவர் அரைமணி நேரம் அதன் இருக்கையில் அமர்ந்து, ஓர் உரப்பையைத் தூக்கி, வளைந்து, பின்னோக்கி ஓட்டிப் பார்த்த பிறகு கையொப்பமிட்டால் போதும்.