பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் எமது ஊர்களில் வாழ்த்துப் பதாகைகள், பாராட்டு விழாக்கள். நல்லதுதான். ஆனால் 13 வருடங்கள் தமிழில் படித்த பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதை எவரும் பேசுவதில்லை. பேராதனையானாலும் ஒலுவிலானாலும் விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில்தான். ஒளித்தொகுப்பைப் பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் கேட்கும்போது திணறுகிறது. கேள்வி கேட்க வெட்கப்பட்டு, பின்வரிசைக்குப் போய்விடுகிறது. திறமை குறைந்ததால் அல்ல.

உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் இருக்கிறது. இசட் புள்ளிக் கணிப்பில் அது சேராது. எனவே டியூஷன் வகுப்புகளும் அதைத் தொடுவதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை.

பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் செல்லும்வரை பல மாதங்கள் கிடைக்கின்றன. ஆண் பிள்ளைகள் கடையில் நிற்கிறார்கள், பெண் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். இந்த மாதங்களில்தான் பள்ளிவாசல் நிருவாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வேலை செய்ய வேண்டும். ஒரு விழாவின் கேடயச் செலவில் ஓர் ஆங்கில ஆசிரியருக்குச் சில மாதங்கள் கொடுப்பனவு வழங்கலாம். விடுமுறையில் ஊர் வரும் பல்கலைக்கழக மாணவர்கள், தமது பாடக்குறிப்புகளோடு வாரம் இரு மாலைகள் வந்து உட்கார்ந்தாலும் போதும். மண்டபம் ஏற்கெனவே இருக்கிறது. இஷாவுக்குப் பின் அது பூட்டித்தான் கிடக்கிறது.