பாதியில் விட்ட படிப்பை மறைக்கலாமா?

மயிலாப்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

மகளுக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை. முதல் தடவை 'நீட்' தேர்வில் மதிப்பெண் போதவில்லை. என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தாள். மனம் ஒட்டவில்லை. மூன்று மாதத்தில் விலகினாள். தினமும் பஸ் ஏறித் தியாகராய நகருக்குப் போய்ப் பயிற்சி பெற்றாள். மறுபடியும் தேர்வு எழுதினாள். இந்தத் தடவை நல்ல மதிப்பெண்!

இப்போது மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

"என்ஜினீயரிங்கில் சேர்ந்ததைச் சொல்லாதே. வீட்டில் இருந்து படித்தேன் என்று எழுதிவிடு" என்கிறார், அடையாறில் இருந்து வந்த மாமா.

அப்பா தயங்குகிறார். அம்மா விழிக்கிறாள். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்கிறாள்:

"வைத்தியரிடம் போனால், முன்னே சாப்பிட்ட மருந்தை மறைப்போமா? டாக்டராகப் போகிற பெண் உள்ளதை மறைக்கலாமா?"

பாட்டி சொல்வதே சரி!

வெட்கம் எதற்கு?

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு முதல் 'நீட்' மதிப்பெண்ணைக் கொண்டே டாக்டர் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2020-21-ல் இடம் பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர், ஒரு தடவைக்கு மேல் தேர்வு எழுதியவர்கள் என்று அது கூறியது.

ஆகவே, நடுவில் ஓர் ஆண்டு போவது அதிசயம் அல்ல. அந்த ஆண்டில் வேறு படிப்பில் சேர்ந்து விலகுவதும் குற்றம் அல்ல.

மறைத்தால் என்ன ஆகும்?

மாற்றுச் சான்றிதழ் பேசும்! எந்தக் கல்லூரி, எப்போது விலகினார் என்பது அதில் இருக்கும். பொய்த் தகவல் கொடுத்தால், கிடைத்த இடமும் ரத்தாகும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பேரன், பேத்தி படிக்கும் வீடுகள் இங்கே பல உண்டு. அந்த நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்திலும், பாதியில் விட்ட பாடத்தை எழுதியே ஆகவேண்டும். அதற்காக மதிப்பெண் சராசரி குறையாது. எழுதாமல் விடுவதுதான் தவறு.

எப்படிச் சொல்வது?

சுருக்கமாகச் சொன்னால் போதும். எதில் சேர்ந்தார்? எப்போது விலகினார்? ஏன்? பிறகு என்ன செய்தார்? இந்த நான்குதான்.

"2024 ஆகஸ்டில் என்ஜினீயரிங் சேர்ந்தேன். நவம்பரில் விலகினேன். மருத்துவமே என் விருப்பம் என்று தெளிந்தேன். அதன் பிறகு முழு நேரமும் படித்து மறுபடியும் தேர்வு எழுதினேன்."

இவ்வளவுதான்! பழைய கல்லூரியைத் திட்ட வேண்டாம். இல்லாத நோயைச் சொல்ல வேண்டாம். உண்மையிலேயே நோய் என்றால், மருத்துவச் சான்றுடன் சொல்லலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: விலகும்போதே சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது.

நோபல் பரிசு பெற்றவர்

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் கற்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தவர் அவர். இரண்டு ஆண்டுகள் படித்தார். அந்தப் பட்டத்தை வாங்காமலே ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

அதை அவர் மறைக்கவில்லை. தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். பாதியில் விட்டது அவர் பெருமையைக் குறைத்துவிடவில்லை.

நாளைக்கு நோயாளிகள் அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். இன்று அவள் உள்ளதைச் சொல்லட்டும்.

மாமாவுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்!