மலைப்பூண்டும் கிருமியில்லாத சுண்டெலியும்

கொடைக்கானலுக்கு டூர் போய் வருகிறவர்கள் சாக்லேட், யூகலிப்டஸ் தைலத்துக்கு அடுத்தபடியாக வாங்கி வருவது மலைப்பூண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவது. 2019-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் பூண்டின் பெருமையைப் பேச அது போதவில்லை. "குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவை வளர்க்கும், விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க" என்று ஒரு வரி சேர்ந்துகொள்கிறது.

யாருடைய குடலில்? குடல் பாக்டீரியா பற்றிய இந்த மாதிரிச் செய்திகளைத் தோண்டினால் அடியில் பெரும்பாலும் ஒரு சுண்டெலி உட்கார்ந்திருக்கும்.

அதுவும் சாதாரண சுண்டெலி இல்லை. இதில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்துக்கு உடம்பில் கிருமியே கிடையாது. முதல் குட்டிகளைத் தாயின் வயிற்றைக் கீறி எடுத்து, வடிகட்டிய காற்று மட்டும் வரும் கூண்டுக்குள், கிருமி நீக்கிய தீனி போட்டு, தலைமுறை தலைமுறையாக வளர்ப்பார்கள். இரண்டாவது ரகம் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. சாதாரண எலியின் குடிநீரில் ஆம்பிசிலின், வான்கோமைசின், நியோமைசின், மெட்ரோனிடசோல் என்று நாலைந்து ஆன்டிபயாடிக்கைக் கலந்துவிடுவது. பிறகு எலியிடம் எது மாறினாலும் "காரணம் குடல் பாக்டீரியாதான்!" என்று தீர்ப்பு.

ஒரு மளிகைக்கடையில் மொத்த ஆட்களையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, வியாபாரம் படுத்ததும், "அப்படியானால் இத்தனை நாள் லாபம் வந்தது கல்லாவில் இருந்தவரால்தான்" என்று கணக்கு எழுதினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

கிருமியில்லா எலி என்பது பாக்டீரியாவை மட்டும் கழித்த எலி அல்ல. அது வேறு பிராணி. அதன் பெருங்குடல் தொடக்கத்தில் இருக்கும் பை பல மடங்கு ஊதியிருக்கும். குடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு சரியாக வளர்ந்திருக்காது. வைட்டமின் கே-யைத் தீனியில் சேர்த்துக் கொடுக்காவிட்டால் ரத்தம் உறைவதே தகராறு. ஆன்டிபயாடிக் எலியின் கதை இன்னும் மோசம். எல்லா பாக்டீரியாவும் சாவதில்லை, காலியான இடத்தில் பூஞ்சை பெருகும், மருந்தே எலியின் செல்களைப் பாதிக்கும். மெட்ரோனிடசோலின் கசப்பில் எலி தண்ணீரே குடிக்காமல் இளைத்துப்போவதும் உண்டு. இளைத்தது பாக்டீரியா போனதாலா, தாகத்தாலா?

பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நசுக்கினால் வரும் அல்லிசின் பாக்டீரியாவைக் கொல்லும். அதே பூண்டில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள் பாக்டீரியாவுக்குத் தீனி. கிருமியில்லா எலிக்குப் பூண்டு கொடுத்துப் பலன் இல்லை என்றால், பாக்டீரியா இல்லாததால் பலன் இல்லையா, குடலே கோணலாக வளர்ந்ததாலா? அந்த எலியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது.

இந்தத் தப்பு புதிதும் அல்ல. வடக்கே நீலகிரியில், குன்னூரில், எலிகளுக்கு விதவிதமான இந்தியச் சாப்பாடு போட்டு உலகப் புகழ் பெற்ற ராபர்ட் மெக்காரிசன், அதற்கு முன்னால் கில்கித்தில் முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர். நோயாளிகளுக்குக் குடல் கிருமியைக் கொல்லும் தைமால் கொடுத்தார், கழலை சுருங்கியது என்று எழுதினார். ஆகவே காரணம் குடல் கிருமிகளின் நஞ்சு என்பது அவர் முடிவு. பெரிய மூளை, நேர்மையான உழைப்பு, முடிவு மட்டும் தப்பு! முக்கியக் காரணம் அயோடின் குறைவு. 1962-ல் இந்தியா தொடங்கிய தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் மக்களுக்குக் கொடுத்தது கிருமிக்கொல்லியை அல்ல, அயோடின் உப்பை.

அதற்காக இந்த எலிகளே வேண்டாம் என்பது முட்டாள்தனம். 2004-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கோர்டன் குழு, சாதாரண எலிகள் கிருமியில்லா எலிகளைவிடக் குறைவாகத் தின்றும் 42 சதவீதம் அதிகக் கொழுப்பு வைத்திருப்பதைக் காட்டியது. அங்கே அவர்கள் நிறுத்தவில்லை. பாக்டீரியாவைத் திருப்பிக் குடியேற்றினார்கள், இரண்டே வாரத்தில் கொழுப்பு ஏறியது. எடுத்துப் பார்த்து, திருப்பி வைத்தும் பார்த்தார்கள். அது முறை. அப்போதும் அது எலிக்குச் சொன்ன பதில்தான். மனிதக் குடல் பாக்டீரியாவை எலிக்கு மாற்றிச் செய்த 38 ஆய்வுகளை 2020-ல் அலசியபோது, 36-ல் மனிதனின் கோளாறு எலிக்கும் தொற்றியதாக எழுதியிருந்தது. நூற்றுக்கு தொண்ணூற்றைந்து! பரீட்சையில் ஒரு வகுப்பே இப்படி மார்க் வாங்கினால் வாத்தியார் முதலில் சந்தேகப்படுவது பிட்டைத்தானே?

நம் ஊரிலேயே வேறு வழியும் நடந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலரா நோயாளிகளின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் சிறுகுடலில் செரிக்காத ஒரு மக்காச்சோள மாவைச் சேர்த்தது. அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்கவைத்து, வரும் கொழுப்பமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவும் என்பது கணக்கு. பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000-ல் வெளிவந்தது. பாக்டீரியாதான் செய்தது என்பதற்கு அது மட்டும் முழுச் சாட்சி ஆகாது. ஆனால் படுக்கையில் இருந்தது மனிதர்கள்.

மலைப்பூண்டுக்கும் அப்படி ஒன்று செய்யலாம். பூம்பாறையில் பாதிப் பேர் ஒரு மாதம் பூண்டில்லாமல் சாப்பிட வேண்டும், மீதிப் பேர் வழக்கம்போல, பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே சிக்கல், அந்தக் குளிரில் பூண்டு இல்லாத ரசத்துக்கு யார் சம்மதிப்பார்கள் என்பதுதான்.