வெட்கம் என்று நாம் வாய் மூடினோம், பிள்ளைகளின் தோல் எரிகிறது



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை வலது கையை உடம்போடு ஒட்டவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே எழுதியது. கேட்டால் "ஒன்னுமில்ல டீச்சர்". இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. நானாவின் பழைய பிளேடால் அக்குளை வழித்திருக்கிறாள். எரிந்ததும் தேசிக்காய் தேய்த்திருக்கிறாள். இன்னும் எரிந்ததும் ஃபேன்சிக் கடையில் வாங்கிய லேபல் இல்லாத கிறீம். இப்போது சீழ் கட்டியிருக்கிறது. "உம்மாக்கிட்ட சொன்னீங்களா?" "வெட்கம் டீச்சர்."

இதெல்லாம் பேஸ்புக்கில் போடும் விஷயமா என்று சிலர் கேட்பீர்கள். வேறு எங்கே போடுவது? வீட்டில் பேசுவதில்லை. மத்ரஸாவில் சட்டத்தை மட்டும் சொல்கிறோம். ஸ்கூலில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இந்த இடம் வந்தால் நாங்களே அவசரமாகப் பக்கத்தைப் புரட்டுகிறோம். குற்றவாளிக் கூண்டில் முதலில் எங்களைத்தான் நிறுத்துகிறோம்.

அக்குள் முடி களைவது ஃபித்ராவில் ஒன்று, நாற்பது நாளைத் தாண்டக் கூடாது என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்கிறோம். நாள் எண்ணத் தெரிந்த நமக்கு, தோலைப் புண்ணாக்காமல் அதை எப்படிச் செய்வதென்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கம் ஈமானில் ஒரு பகுதிதான். ஆனால் மார்க்கத்தைக் கேட்டுப் படிக்க வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா நாயகி அன்ஸாரிப் பெண்களைப் புகழ்ந்ததும் அதே மார்க்கத்தில்தான் இருக்கிறது.

உம்மாமாரே, ராத்தாமாரே, விஷயம் சிறியது. புது பிளேட், ஆளுக்கு ஒன்று. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடிருக்கும், வீட்டுக்கே ஒரு பிளேட் என்பது சிக்கனமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் தோலை நனைத்து, சவர்க்கார நுரை பூசி, முடி வளர்ந்த பக்கமாகவே வழிக்க வேண்டும். முடி நீக்கும் கிறீம் என்றால் முதல் நாளே கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். முடியைக் கரைக்கும் அந்தக் காரம் தோலையும் விடாது. பெட்டியில் எழுதிய நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, குளிர்ந்த ஈரத் துணியை ஐந்து பத்து நிமிடம் வைத்தால் போதும். காய்ந்த இடத்தில் வாசமில்லாத வஸலின் மெல்லிசாக. ஒரு நாளைக்கு ஸ்பிரிட், சென்ட், டியோடரன்ட், பவுடர், சுடுதண்ணீர் எதுவும் வேண்டாம். தேசிக்காய் வேண்டவே வேண்டாம், அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே போடும். பெருநாள் இரவில் அவசரமாக வழித்து, காலையில் இறுக்கமான புது உடுப்பைப் போட்டு அத்தர் பூசுவதும் நம் வழக்கம். இரண்டு நாள் முன்னாடியே முடித்தால் என்ன?

மடுல்கெல்லையில் மழை பிடித்தால் உடுப்பு நாள் கணக்கில் காயாது. அரைகுறை ஈரத்தில் உள்ளுடுப்பு, அதற்கு மேல் அபாயா, அதற்கு மேல் பஸ் நெரிசல். வழித்த தோல் உரசி உரசிப் பருவாகிறது. உள்ளுடுப்பையாவது இஸ்திரி போட்டுக் காய வைத்துக் கொடுங்கள்.

இனி எங்கள் உண்மையான கோபத்துக்கு வருகிறோம். புண் ஆறிய இடம் கறுப்பது இயற்கை. நம் நிறத்துத் தோல் அப்படித்தான், விட்டால் சில மாதத்தில் தானாக மங்கும். ஆனால் நாம் விடுவதில்லை. "இவ்வளவு கறுப்பா இருக்கே, யார் கட்டுவான்?" என்று கலியாண வீட்டில் ஒரு மாமி கேட்கிறார். அந்த ஒரு வார்த்தைதான் பிள்ளையைக் கிறீம் வாங்க அனுப்புகிறது.

அந்தக் கிறீமில் என்ன இருக்கிறது? சுற்றாடல் நீதிக்கான மையம் நம் நாட்டுக் கடைகளில் வாங்கிப் பரிசோதித்த வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் அளவு மீறி இருந்தது. மினமாட்டா உடன்படிக்கையில் முதலில் பத்து லட்சத்தில் 1 பங்கு என்றுதான் எல்லை வைத்தார்கள். 2023 இல் அதுவும் கூடாது, பாதரசம் சேர்த்ததே 2025க்குப் பிறகு இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவளை அணைத்துப் படுக்கும் குழந்தைக்கும் போகும். இன்னும் சிலதில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரோயிட். முதல் வாரம் சிவப்பு அடங்கும், வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து வரி விழும், படை பரவும்.

கடை வைத்திருக்கும் நானாமாரே, உங்களிடம் நேராகவே கேட்கிறோம். உற்பத்தியாளர் பெயரோ திகதியோ இல்லாத டப்பாவை உங்கள் மகளுக்குப் பூசுவீர்களா? பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று பிஸ்கட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஊர் இது. விஷம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கக் கூடாதா? சலூன்காரரும் கேளுங்கள், ஒரே சீனக்காரக் கல்லைப் பத்துப் பேரின் கன்னத்தில் தேய்ப்பதும் இதே கதைதான்.

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சின்னப் புண். இவற்றில் எது என்றாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசு இல்லை, மருந்து இலவசம். தேவையென்றால் கண்டி பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டோம். இன்று இரவு உங்கள் மகளிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். நீங்கள் பேசாவிட்டால் ஃபேன்சிக் கடை பேசும்.

வஸ்ஸலாம்.