செத்த பன்றியை முதலில் காண்பவர் யார்?

பட்டிப்பொல புகையிரத நிலையம் நாட்டிலேயே மிக உயரத்தில் உள்ளது என்று வருவோர் படம் பிடித்துச் செல்கிறார்கள். இங்கு குடியிருக்கும் எமக்குத் தெரிந்தது வேறு. ஹோட்டன் சமவெளிக் காடு எமது கிழங்குப் பாத்தி வரை வருகிறது. இரவில் காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போன கிழங்கைத்தான் காலையில் பொறுக்கி வந்து எமது பன்றிக்குப் போடுகிறோம்.

2024 ஒக்டோபரில் மேல் மாகாணப் பண்ணைகளில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. இந்நோய் மனிதரைத் தொற்றாது. பன்றிக்கு வந்தாலோ மருந்தில்லை. காட்டுப்பன்றி, வீட்டுப்பன்றி என்ற பேதமும் அதற்கில்லை. கிருமி இறைச்சியில் பல வாரங்கள் உயிரோடிருக்கும், எமது குளிரில் இன்னும் கூடுதலாக. ஹோட்டல் எச்சில் சோறும் சப்பாத்தில் ஒட்டிய சேறும் அதைக் கொண்டுவரப் போதும். செத்ததை ஓடையில் தள்ளினால் இரவில் காட்டுப்பன்றி தின்னும். பிறகு காட்டுக்குள் போய் யார் தடுப்பது?

நோய்க் கண்காணிப்பு என்றதும் ஆய்வுகூடத்தை நினைக்கிறோம். இந்தியாவில், கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோரக் கிராமத்தவரும் காய்ச்சலில் வீழ்ந்தார்கள். பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, உண்ணி பரப்பும் புதிய வைரஸ் என்று கண்டார்கள். காட்டில் மேயும் மாடுகளின் இரத்தத்தில் அந்த உண்ணி பெருகுகிறது; மாட்டுக்கோ நோயில்லை. செத்த குரங்கைப் பற்றிய தகவலே அங்கு இன்றும் முன்னெச்சரிக்கை. அதைக் காண்பவர் விறகுக்குப் போனவராகவே இருப்பார்.

இங்கும் முதலில் காண்பவர் நாமே. ஆனால் சொல்வோமா? இடம்பெயர்ந்து பிறர் காணியில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு இரண்டு பன்றிதான் வங்கிப் புத்தகம். சொன்னால் மிச்சத்தையும் கொன்று புதைப்பார்கள், "இங்கே வளர்க்க யார் அனுமதி தந்தது?" என்றும் கேட்பார்கள் என்ற பயம். சோர்ந்த பன்றியை இரவோடிரவாக அறுத்து விற்பவரை என்னால் திட்ட முடியவில்லை. ஆயினும் அந்த இறைச்சியே அடுத்த தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகும்.

ஆகவே, கொல்லப்படும் பன்றிக்கு அந்த இடத்திலேயே விலை கொடுக்க வேண்டும். அறிவிக்க வருபவரிடம் காணி உறுதி கேட்கக் கூடாது. தொலைபேசியை எடுப்பவர் தமிழில் பேச வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் இரண்டு பதிவேடு வைத்திருப்பதில் எவருக்கும் பயனில்லை. காட்டில் செத்ததும் பட்டியில் செத்ததும் ஒரே பதிவேட்டில் ஏறட்டும்.

அதுவரை, எச்சில் சோற்றை நன்றாகக் கொதிக்க வைத்தே போடுங்கள். பன்றி செத்தால் அறுக்காமல், நாய் அண்டாமல் மூடி வைத்து, மிருக வைத்தியருக்கு அன்றே ஆளனுப்புங்கள்.