பீர்க் குவளை ஏந்தியவள்

பாரிஸ் பிராஸரியைப் புகழ்பவர்கள் ஒரே பட்டியலைத்தான் வாசிக்கிறார்கள்: ஆளுயரக் கண்ணாடிகள், ஐஸ்மேல் பரப்பிய சிப்பிகள், வெள்ளை ஏப்ரன் கட்டிய சர்வர். 'அப்படியே மாறாமல் இருக்கிறது' என்று முடிப்பார்கள். மாறாதிருப்பது யாருக்கு வசதி?

பிராஸரி என்றால் பீர் வடிக்கும் இடம். 1870-71 போரில் அல்சாஸை ஜெர்மனி பறித்துக்கொள்ள, அங்கிருந்து வந்தவர்கள் பாரிஸில் இவற்றைப் பெருக்கினார்கள். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே காலத்தில் பெண்கள் பரிமாறிய பிராஸரிகளைப் பற்றி மட்டும் பேச்சில்லை. வாடிக்கையாளரோடு உட்கார்ந்து குடித்து, அவனை மேலும் குடிக்கவைப்பதும் அவர்கள் வேலை. ஒழுக்கக் காவலர்கள் கணக்குக் கேட்டதோ அவளிடம், குடித்தவனிடம் அல்ல. 1870களின் இறுதியில் மானே ஒரு பிராஸரிப் பணிப்பெண்ணை வரைந்தார். துணைக்குத் தன் ஆள் வந்தால்தான் வருவேன் என்றாளாம். அவனும் ஓவியத்தில் இருக்கிறான், சாவகாசமாகப் புகைத்துக்கொண்டு. அவள் கை நிறையக் குவளைகள்.

எனக்கும் பிராஸரி பிடிக்கும், மறைப்பானேன். மாலை நாலு மணிக்குத் தனியாகப் போனேன். 'ஒருத்தி' என்றேன், சுவரோரம் நல்ல மேசை கிடைத்தது. 'கூட யாரும் வரலையா?' என்று கேட்கும் ஓட்டல்களில் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அந்த ஷூக்ரூத்தின் புளிப்பே தனி ருசி. ஆனால் அந்த மேசையைப் பாரம்பரியம் எனக்குத் தரவில்லை. 1927இல் லா கூப்போல் திறந்தபோது பிரெஞ்சுப் பெண்ணுக்கு வாக்கில்லை. கணவன் சம்மதமின்றி மனைவி வங்கிக் கணக்கு தொடங்க 1965இல்தான் சட்டம் வழிவிட்டது. சண்டை போட்டு வாங்கியவர்களின் மேசை அது. பழைய பொற்காலத்துக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களே, அங்கே எனக்கு எந்த நாற்காலி? பில் வந்தது, என் கார்டை நீட்டினேன்.